அம்மா எடுத்துப் போட்ட சுவெட்டர்

பெட்டியிலிருந்து சுவெட்டரை வெளியே எடுத்துப் போட்டது அம்மாதான்.

2012 ஒக்டோபர் மாதம். பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அன்று விடிந்ததிலிருந்தே மழை. தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். "அரபு நாட்டுக்குப் போறவளுக்கு இது எதுக்கு புள்ள? அங்க வெயிலு மண்டையப் பொளக்கும். எடத்த அடைக்கும், எடு" என்றாள். சுவெட்டர் இருந்த இடத்தில் அரைக்கிலோ மிளகாய்த்தூளும் சித்தாலேப போத்தல் ஒன்றும் போயின. ஆறு பருத்திச் சட்டை, மூன்று பாவாடை, மாரியம்மன் படம், திருநீறு. பெட்டியை மூடிக் கயிறு கட்டியாயிற்று.

நான் மறுத்துப் பேசவில்லை. எங்கள் லயத்தில் அரபு நாட்டைக் கண்ணால் கண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். பதுளையிலிருந்து இராத்திரி பஸ். அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். ஹப்புத்தளை வரும்போது ஜன்னல் கண்ணாடியில் பனி மூடி வெளியே ஒன்றும் தெரியவில்லை. கட்டுநாயக்கவில் இறங்கியதும் வியர்த்தது. கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

நான் போன இடம் லெபனான்.

அம்மா சொன்னதில் பொய் இல்லை. அவள் பார்த்த அரபு நாடு ஒரே ஒரு கோடைகாலம், அவ்வளவுதான். 1990 மார்ச் கடைசியில் குவைத்துக்குப் போனாள். எனக்கு மூன்று வயது, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனாள். ஒகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை உள்ளே வந்தது. வேலை செய்த வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மாவும் இன்னும் சில பெண்களும் பஸ் மாறி பஸ் மாறி ஈராக் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த எல்லைப் பாலைவனத்தில் கூடாரங்கள். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ், பிலிப்பைன்ஸ் என்று ஆயிரக்கணக்கான ஆட்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். நிழல் கிடையாது. செப்டம்பர் முடிகிற நேரத்தில்தான் விமானம் கிடைத்து ஊர் திரும்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கு அரபு நாடு என்றால் வெயில், மணல், தாகம். அந்த ஆறு மாதத்தில் அவள் உடம்பு கற்றுக்கொண்டதைத்தான் இருபத்திரண்டு வருடம் கழித்து என் பெட்டியில் அடுக்கினாள்.

போவதற்கு முன் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பும் இருந்தது. வாஷிங் மெஷின் போடுவது, இஸ்திரி பிடிப்பது, பிள்ளைக்குப் பால்மா கரைப்பது, அரபில் ஐம்பது அறுபது சொற்கள். மழைக்கு என்ன சொல் என்று அந்தக் கொப்பியில் எழுதிக்கொண்ட ஞாபகம் இல்லை.

பெய்ரூத்தில் இறங்கிய அன்று அம்மா சொன்னது சரியாகவே இருந்தது. ஒக்டோபர் நடுவிலும் நல்ல வெயில். விமானத்திலிருந்து பார்க்க, நீலக் கடலை ஒட்டி உடனேயே மலை. நான் வேலைக்குப் போன வீடு அந்த மலைமேல், ஆலே என்ற ஊரில். பெய்ரூத்திலிருந்து டமாஸ்கஸ் போகிற பெரிய ரோட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். எங்கள் தோட்டமும் ஏறக்குறைய அந்த உயரம்தான். வளைந்து வளைந்து ஏறுகிற ரோடும் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மலையுமாக, முதல் வாரம் எனக்கு ஊரை விட்டு வந்த மாதிரியே இல்லை. பெய்ரூத்துக்காரர்கள் கோடையில் வெயிலுக்கு ஒதுங்க வருகிற ஊர் அது. கோடைக்கு ஒதுங்குகிற ஊரில் மாரி எப்படி இருக்கும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்தில், சுருட்டிக் கட்டிப் பூச்சி உருண்டை போட்டு மேலே வைத்திருந்த கார்ப்பெட்டுகளை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். வீடு முழுக்கப் பளிங்குத் தரை. அதன்மேல் ஒன்றொன்றாக விரித்தோம். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நினைத்தேன். அந்த விருந்தாளி அடுத்த வாரமே வந்தது.

இராத்திரி பத்து மணி இருக்கும். முதலில் கடல் பக்கம் மின்னல். மேலே இருந்து பார்த்தால் கடல் முழுக்க வெள்ளையாகத் தெரிந்து மறைகிறது. பிறகு காற்று. அதன் பிறகு மழையும் கல்மழையும் சேர்ந்து. எனக்குத் தந்திருந்த அறை குசினிக்குப் பின்னால் இருந்த பல்கனி; அலுமினியமும் கண்ணாடியும் வைத்து அடைத்து அறையாக்கியிருந்தார்கள். ஒரு கட்டில், அதன் அகலத்துக்கு இன்னொரு மடங்கு இடம். கதவுக்கு அடியால் தண்ணீர் உள்ளே வந்தது. ரப்பர் வைத்த கட்டையால் தள்ளித் தள்ளி வெளியே விட்டேன். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கால் மரத்துப் போனது. ஒரு மெல்லிய போர்வை. ஆறு சட்டையையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சித்தாலேப பூசிக்கொண்டு, விடியும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரபு நாட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

பதுளைக்காரிக்கு மழை புதுசா என்று நீங்கள் கேட்கலாம். மழை புதுசு இல்லை. பெய்கிற மழையை எப்படி வாங்குவது என்று எங்கள் ஊரில் பிறந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஆனால் எங்கள் மழை 18 பாகைக் குளிரில் பெய்கிறது. நனைந்தால் துவட்டிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்தால் உடம்பு திரும்பி வந்துவிடும். ஆலேயில் ஜனவரி இராத்திரிகள் 5 பாகைக்குக் கீழே போகும். அங்கே தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனியில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். துடைப்பதும் கழுவுவதுமே வேலையாக இருக்கிறவளுக்குக் கை எப்போதும் தண்ணீரில்தான். டிசம்பர் முடிவதற்குள் என் விரல் கணுக்கள் எல்லாம் வெடித்துவிட்டன. கொழுந்து பறித்துக் கறுத்துப்போன அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது வேறு மாதிரி வெடிப்பு, இரத்தம் கசிகிற வெடிப்பு.

மாதம் ஒரு தரம் வீட்டுத் தொலைபேசியில் ஊருக்குப் பேச விடுவார்கள். "இங்க அடைமழ புள்ள, நாலு நாளா வெளிய தல காட்ட முடியல" என்றாள் அம்மா. "இங்கயும் மழதாம்மா, குளிரு தாங்க முடியல" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எதையாச்சும் மறைக்கிறியா? அடிக்கிறாங்களா?" அரபு நாட்டில் மழை என்று நான் சொன்னது, அழுதுகொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் சொல்வதாக அவளுக்குப் பட்டிருக்கிறது. அவள் நம்புவதற்கு இன்னும் ஒரு வருடம் ஆனது.

அந்த வீட்டில் ஒரு கிழவி இருந்தாள், வீட்டுக்காரரின் அம்மா. அங்கே பாட்டியைத் தேத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மாரியில் அவள் உலகம் ஒரு ஸோபியாவைச் சுற்றித்தான். ஸோபியா என்பது டீசலில் எரிகிற இரும்பு அடுப்பு. அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். அதன்மேல் எப்போதும் ஒரு கேத்தல் இருக்கும், பக்கத்திலேயே கஸ்டனா என்கிற கொட்டையை வாட்டிக்கொண்டிருப்பாள். காலையில் டீசல் ஊற்றி, கரியைத் துடைத்து, பற்ற வைப்பது என் வேலை. பற்ற வைக்கிற அந்தப் பத்து நிமிடம்தான் அந்த முதல் மாரியில் என் கைக்கு ஓய்வு. கிழவி அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நாள் எழும்பப் போன என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

எனக்கு அரபு கற்றுத் தந்தது அவள்தான். ஜன்னலைக் காட்டி ‘ஷித்தே’ என்பாள். மழை என்று புரிந்துகொண்டேன். இன்னொரு நாள் கார்ப்பெட்டையும் ஸோபியாவையும் காட்டி, கையால் உடம்பைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டி, அதற்கும் ‘ஷித்தே’ என்றாள். லெபனான் பேச்சில் மழைக்கும் மாரிகாலத்துக்கும் ஒரே சொல். எங்களுக்கும் அப்படித்தானே என்று அன்று இராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். மாரி என்றால் மழை, மாரி என்றால் மழைக்காலம். எங்கள் தோட்டத்துக் கோயிலில் இருக்கிறவளும் மாரி. பெட்டியில் கொண்டுபோன படத்தைத் தலைமாட்டில் ஒட்டியிருந்தேன். முதல் தடவையாக அந்தப் பெயரை ஒரு சொல்லாகக் காதில் கேட்டேன்.

டிசம்பர், ஜனவரி இரண்டுக்கும் அங்கே ‘கானூன்’ என்று பெயர், முதல் கானூன், இரண்டாம் கானூன். கானூன் என்றால் கணப்பு என்றும் பொருள். மாதத்துக்கே அடுப்பின் பெயரை வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 அளவில் தொடங்கி ஜனவரி முடியும் வரை நாற்பது நாள், அதுதான் நடுமாரி. அந்த நாற்பதைத் தேத்தா விரல் விட்டு எண்ணுவாள். மார்கழியில் விடிய முன் எழும்பிப் பஜனைக்குப் போன நாட்களை நான் எண்ணினேன்.

அதே மாதங்கள். இதுதான் எனக்குத் தீராத ஆச்சரியமாக இருந்தது. ஊவாவின் மழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரி வரை கொட்டும், அங்கேயும் அப்படியே. ஊவாவில் ஜூன், ஜூலையில் காய்கிறது. அங்கே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை வானத்திலிருந்து துளி விழாது. ஊருக்கு வந்த பிறகு தம்பியின் பழைய புவியியல் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்களுக்கு வங்காள விரிகுடாவிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை என்று கிழக்கைப் பார்த்து நிற்கிற மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, ஏறக் குளிர்கிறது, குளிர்ந்தால் மழை. லெபனானில் மத்தியதரைக் கடலிலிருந்து மேல்காற்று வந்து, கரையோடு கரையாக ஓடுகிற லெபனான் மலைத்தொடரில் மோதுகிறது. அங்கே மேற்குச் சரிவு நனைகிறது, மலைக்குப் பின்னால் இருக்கிற பெக்கா சமவெளிக்கு மிச்சம்தான் போகிறது. எங்களுக்கும் ஒரு மிச்சக் காலம் உண்டு. தென்மேல் பருவக்காற்று ஹட்டன் பக்கம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலை தாண்டி வருகிறதே, அதுதான் எங்கள் கச்சான். அந்தக் காய்ந்த காற்றில் கொழுந்து சுருங்கி வாசம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு ஏலத்தில் கிடைக்கிற பெயர் அந்தக் காற்று கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். பல்கனித் தண்ணீரைத் தள்ளும்போதுதான் அது எனக்குப் பாடமாக ஏறியது.

ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை. அங்கே மழை பெய்தால் வேலை உள்ளே. எங்களுக்கு மழை பெய்தாலும் வேலை வெளியே. இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீனைப் போட்டுக்கொண்டு, அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொண்டு அம்மா மலைக்குப் போவாள். பறித்த கொழுந்தைத் தராசில் போட்டால் தண்ணீருக்கு என்று கிலோ வெட்டுவார்கள். நனைந்தது அவள், குறைவது அவள் கிலோ. 2013 ஏப்ரல் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபா என்று சொன்னார்கள். அடிப்படை 450தான், மிச்சத்தில் 140 ரூபா ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும். அடைமழையில் காய்ச்சல் கண்டு சில நாள் படுத்து, வரவு குறைந்துவிட்டால், அந்த மாதம் முழுக்க அந்த 140 போய்விடும். நான் அங்கே குளிர்கிறது என்று அழுத இராத்திரிகளில் இது ஞாபகம் வரும். அழுகை நின்றதா என்று கேட்டால், இல்லை. ஆனால் யாருக்காக அழுகிறேன் என்பது மாறியிருக்கும்.

பாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு கறுப்புக் கம்பளியைப் பெட்டகத்துக்குள் வைத்திருந்தாள். ஓட்டை விழுந்து, தொட்டால் நூல் உதிரும். அவளுடைய பாட்டி புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தபோது தோட்டத்தில் கொடுத்தது என்பாள். தேயிலைச் செடிக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்று சொல்லிக் கூட்டிவந்த கங்காணி மழையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெயிலில் வெடித்த மண்ணிலிருந்து ஒற்றைச் சேலையோடு வந்தவர்களை நமுனுகுலை அடிவாரத்துக் கார்த்திகை மழையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கம்பளி கொடுத்தார்கள்தான். அதைக் கூம்பாக மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். ஆனால் கம்பளி, அரிசி, வழிச்செலவு எல்லாம் கடன் கணக்கில் ஏறியது. அந்தக் கடனைத் துண்டில் எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றுகிற முறையை 1921இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். என்னுடைய முதல் மூன்று மாதச் சம்பளமும், என்னைக் கொண்டுவரச் செலவான காசு என்று பிடிக்கப்பட்டது. பாஸ்போர்ட் அவர்கள் அலுமாரியில். பாட்டியின் பாட்டிக்காவது ஒரு கம்பளி கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கும் ஒன்று கிடைத்தது, இரண்டாம் வருடம். அதற்குள் மாதம் ஒரு ஞாயிறு வெளியே போக விட்டார்கள். பெய்ரூத்தில் தோரா என்று ஒரு இடம் இருக்கிறது. ஞாயிறுகளில் எங்கள் ஆட்கள், எதியோப்பியர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் கூடுகிற இடம். அங்கே மஞ்சி பிஸ்கட்டும் கருவாடும் வாங்கலாம், தமிழ் பேசலாம். தலவாக்கலைக்காரி ஒருத்தி என்னை ஞாயிற்றுச் சந்தைக்குக் கூட்டிப்போனாள். மூட்டை மூட்டையாக ஐரோப்பாவிலிருந்து வருகிற பழைய உடுப்புகள், ‘பாலே’ என்பார்கள். மலை மாதிரிக் குவித்துக் கிடக்கும். அதில் தேடி ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டும் இரண்டு சோடி காலுறையும் எடுத்தேன். பத்தாயிரம் லீரா, அன்றைய கணக்கில் ஏழு டொலர் கூட இல்லை. பல பேரை ஏற்றுகிற சேர்விஸ் காரில் திரும்பி வரும்போது அந்தக் கோட்டை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். முதல் மாரி முழுக்க நான் பட்டது ஏழு டொலருக்குள் தீர்ந்திருக்கும்.

கோட்டு வாங்கியதும் நல்லதாகப் போயிற்று. 2013 டிசம்பர் இரண்டாவது வாரம் அலெக்ஸா என்று பெயர் வைத்த புயல் வந்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு காலையில் சத்தமே இல்லை. அடைமழை நின்றால் எங்கள் ஊரில் ஒரு சத்தம் வரும், ஓடை ஓடுகிற சத்தமும் தகரத்திலிருந்து சொட்டுகிற சத்தமும். அதுகூட இல்லை. பல்கனிக் கண்ணாடியைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. பைன் மரம், வேலி, பக்கத்து வீட்டுக் கார், மேலே போகிற பழைய ரயில் தண்டவாளம், எல்லாம். (அந்த ரயில் பாதை 1895இல் பெய்ரூத்துக்கும் டமாஸ்கசுக்கும் நடுவே போட்டது. மலை ஏறுவதற்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம். யுத்தத்தில் நின்றுபோனது. 1924இல் பதுளை வரைக்கும் வந்த நம்முடைய ரயில் இன்னும் ஓடுகிறதே என்று அந்தத் துருவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமை வரும்.) பக்கத்து வீட்டில் வேலை செய்த எதியோப்பியப் பிள்ளை கை நிறையப் பனியை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள். நானும் அள்ளினேன்.

அன்று பின்னேரம் தேத்தாவோடு உட்கார்ந்து டீவி பார்த்தேன். பெக்காவிலும் அர்சால் பக்கமும் சிரியாவிலிருந்து ஓடிவந்தவர்களின் கூடாரங்கள். மரக்கட்டை, பிளாஸ்டிக் படங்கு, பழைய விளம்பரத் தட்டிகள். பனியின் பாரம் தாங்காமல் ஒரு கூடாரம் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. செருப்புப் போட்ட பிள்ளைகள், காலுறை இல்லை. ஒரு அம்மா உள்ளே இருந்து தடியால் கூரையைத் தட்டிப் பனியை இறக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பனியை அள்ளி விளையாடிய கை எனக்குச் சுட்டது. காற்றுக்குத் தகரம் பறக்காமல் இருக்க எங்கள் லயத்துக் கூரையில் கல் தூக்கி வைப்போம். கல் போதாத இராத்திரியில் அப்பா உள்ளே இருந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே மாதிரித்தான் அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். தேத்தா டீவியை நிறுத்தச் சொன்னாள்.

2014 ஒக்டோபர் 29ஐப் பற்றி எழுதாமல் மாரியைப் பற்றி எழுத எனக்கு வராது. புதன்கிழமை. அப்போது என்னிடம் கைத்தொலைபேசி இருந்தது. விடிகாலை எழும்பும்போது தம்பியின் அழைப்பு நாலைந்து விட்டுப் போயிருந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கிவிட்டது என்றான். காலை ஏழரை மணி அளவில். லயங்களும் கோயிலும் மண்ணுக்குள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன நேரம் என்பதால் சிலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, வீட்டில் யாரும் இல்லை. நான் முதலில் கேட்ட கேள்வி, "நம்ம லயத்துக்கு மேல இருக்கிற மலை?" என்பது. "அது நிக்குது அக்கா. அம்மா கோயிலுக்குப் போய்ப் படுத்திருக்கா, எல்லாரும் அங்கதான்." அந்த மலை ஆபத்து, அங்கிருந்து ஆட்களை எடுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்ததைப் பிறகு வாசித்தேன். மண்ணுக்குத் தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டி 2016இல் கொடுத்தார்கள். அது வரைக்கும் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் கொட்டில்களிலும் அவர்கள் இரண்டு மாரி கழித்தார்கள்.

அன்றைக்கு ஸோபியாவை நான் பற்ற வைக்கவில்லை. ஒக்டோபரில் அது தேவையும் இல்லை. ஆனாலும் போய் அதற்கு முன்னால் உட்கார்ந்தேன். தேத்தா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னிடம் இருந்த அரபில் மலை, மண், வீடு, ஷித்தே என்று நாலு சொல்தான் சொன்னேன். புரிந்துகொண்டாள்.

2015 மார்ச்சில் திரும்பி வந்தேன். பெட்டியில் பாதிக்கு மேல் இரண்டு தடித்த கம்பளிப் போர்வைகள். கட்டுநாயக்க வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பசறைக் குளிரில் அம்மா இன்றைக்கும் அதைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறாள். அவளுக்கு லெபனான் மாரியை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். பனியைப் பற்றிச் சொன்னபோது, "அந்தக் கூடாரத்துல நாங்க இருந்தப்ப இது வந்திருந்தா?" என்று கேட்டாள். ஜோர்தான் எல்லையைத்தான் சொன்னாள். டிசம்பர் வரை விமானம் கிடைக்காமல் போயிருந்தால் என்பதை அவள் அன்றைக்குத்தான் முதல் முதலாக யோசித்திருக்கிறாள். அந்தப் பாலைவனமும் மாரியில் குளிரும் என்று நான் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போனது உங்களுக்குத் தெரியும். தீவு முழுக்க 600க்கும் மேலே உயிர்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மலைகள் இடம் இடமாக இறங்கின, மலையக ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. எங்கள் லயம் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவு மழையிலும் யாரும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. வீட்டைத் திருத்தக் காசு வேண்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்கக் காசு வேண்டும். பெண் பிள்ளைகள் மறுபடி பெட்டி கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஜோர்தான், சைப்ரஸ், குவைத் என்கிறார்கள். அங்கே சூடுதானே அக்கா என்று வந்து கேட்கிறார்கள்.

இல்லை தங்கச்சி. அம்மானில் மழை, குளிர், சில வருடம் பனியும் உண்டு. சைப்ரஸில் டிசம்பரும் ஜனவரியும் மழைக்காலம். குவைத்தில்கூட ஜனவரி இராத்திரி வெறும் பருத்தியோடு படுக்க முடியாது. போகிற நாட்டில் எத்தனை பேர் வீட்டில், எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரியே, படுக்கிற அறைக்கு ஜன்னல் அடைபடுமா, சூடேற்ற ஏதாவது உண்டா, போர்வை எத்தனை என்று கேள். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படாதே. கம்பளிக் காலுறை இரண்டு சோடி, கைக்குப் பூச வசிலின் ஒரு டப்பி, உள்ளே போட முழுக்கை பனியன் இரண்டு. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

போன வாரம் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராப் பிள்ளை ஜோர்தானுக்குக் கிளம்பினாள். பெட்டி கட்டுகிற இடத்துக்கு அம்மாவும் என்னோடு வந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. 2012இல் கட்டுநாயக்கவில் நான் கழற்றிக் கொடுத்த அதே சுவெட்டரை அம்மா படங்குக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். தம்பி போட்டு, பிறகு அம்மாவே மலைக்குப் போட்டு, முழங்கையில் ஒட்டுப் போட்டது. பிள்ளை பெட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எடம் இல்லையே பெரியம்மா" என்றாள்.

அம்மா குனிந்து பெட்டிக்குள் கையை விட்டாள்.

"மொளகாத்தூள எடு" என்றாள். "இத வையி."